பெருங்குடற் புற்றின் தொடக்கக் கட்டம்: எலிப் பரிசோதனை பிழைத்தால் எங்கே தேடுவது

பெருங்குடற் புற்று ஒரே நாளில் முளைப்பதில்லை. குடலின் உட்படையில் ஏதோ ஒரு கிரிப்ட்டில், அதாவது குழி போன்ற நுண்சுரப்பியில், கட்டியை அடக்கிவைக்கும் ஏ.பி.சி. ஜீன் பழுதாகும். அது சிறு பொலிப், அதாவது உட்சுவரில் எழும் முளை, ஆகும். பிறகு கே-ராஸ், பி53 என்று மற்ற ஜீன்களும் ஒவ்வொன்றாகக் கெட்டு, வருடக்கணக்கில் நகர்ந்துதான் புற்று என்ற பெயரைப் பெறும். ஃபியரனும் வோகல்ஸ்டீனும் 1990 இல் வரைந்து காட்டிய இந்தப் படிமுறை இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒருவர் வந்து சேரும்போது அவருடைய கட்டி மேற்படிக்கு ஏறிவிட்டிருக்கும். கீழ்ப்படியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு எலியை விட்டால் நமக்கு வேறு வழி குறைவு.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிற, செய்யப்போகிற பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்கான குறிப்பு இது. இங்கே கைக்கு எட்டுவது பெரும்பாலும் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரும் விஸ்டார் வர்க்க எலியும் ஐ.சி.ஆர். வர்க்கச் சுண்டெலியும்தான். ஜீன் மாற்றிய சுண்டெலிகளை வரவழைப்பது செலவு, கடதாசி வேலை, காத்திருப்பு. ஆகவே இரசாயனம் கொடுத்துப் புற்றைத் தொடக்கும் முறைகளைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகப் பேசப்போகிறேன்: டைமெதில்ஹைட்ரசீன் என்ற டி.எம்.எச்., அசொக்சிமீத்தேன் என்ற ஏ.ஓ.எம்., அதோடு, குடிநீரில் கலந்து குடலில் அழற்சியை உண்டாக்கும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற டி.எஸ்.எஸ். சேர்த்த முறை.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்திருங்கள். டி.எம்.எச். தானாகக் குடலைத் தாக்குவதில்லை. உடலுக்குள் அது அசோமீத்தேனாகி, ஏ.ஓ.எம். ஆகி, ஈரலில் உள்ள சி.வை.பி.2.ஈ.1 என்ற நொதியத்தின் கையால் மெதிலசொக்சிமெதனோலாக மாறுகிறது. அது உடைந்து வரும் துணுக்குத்தான் டி.என்.ஏ.யில் குவானினில் ஒரு மெதைல் கூட்டத்தை ஒட்டிவிடுகிறது. அதாவது குடற்புற்று மாதிரியின் முதல் அத்தியாயம் ஈரலில் நடக்கிறது. முடிவு பிழைத்தால் எல்லோரும் குடலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் தேட வேண்டிய ஒழுங்கு வேறு: முதலில் மருந்துக் குப்பி, பிறகு ஈரல், பிறகு தண்ணீர்ப் போத்தல், பிறகு எண்ணுகிறவரின் கண். குடல் கடைசி.

ஊசி போட்டு மாதக்கணக்காகிவிட்டது, குடலில் ஒன்றுமே இல்லை

எதைத் தேடினீர்கள், எப்போது தேடினீர்கள்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பல ஆய்வுகளில் எலிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் டி.எம்.எச். வாரம் ஒரு தடவை என்று 15 வாரம் போடுவார்கள். குடலை எடுத்துப் பார்ப்பது 30 ஆவது வாரத்தில். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் குடலைத் திறந்து, வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டி இல்லை என்று கைவிடுவது அவசரம். அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியது கட்டி அல்ல, பிறழ்ந்த கிரிப்ட் கூட்டம். ஏ.சி.எஃப். என்று சொல்வோம். 1987 இல் ரஞ்சனா பேர்ட் என்பவர் ஏ.ஓ.எம். கொடுத்த சுண்டெலியின் குடலை வெட்டிச் சீவாமல், முழுதாக விரித்து, மெதிலீன் நீலம் ஏற்றி நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது வெளிவந்த விஷயம் அது. ஊசிக்குச் சில வாரங்களிலேயே தென்படும்.

ஆகவே சாயமேற்றிய முறையைச் சரிபாருங்கள். குடலை எடுத்தவுடன் குளிர்ந்த சேலைனால் கழுவ வேண்டும். மலம் ஒட்டியிருந்தால் அந்த இடம் நீலக் கறையாகி எல்லாவற்றையும் மறைத்துவிடும். குதத்திலிருந்து மேல்நோக்கி நீளவாட்டில் வெட்டித் திறந்து, உட்பக்கம் மேலே இருக்கும்படி வடிதாளில் பரப்பி, மேலே இன்னொரு வடிதாள் வைத்து, தட்டையாகவே ஃபோமலினில் ஒரு நாளாவது கிடக்க விடுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டு அப்படியே போத்தலுக்குள் போட்டால் குடல் சுருண்டு இறுகிவிடும், பிறகு யாராலும் விரிக்க முடியாது. 0.2 வீத மெதிலீன் நீலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம். சாயம் கூடிவிட்டால் சேலைனில் கழுவிக் குறைக்கலாம். 40 மடங்கு பெருக்கத்தில், கீழிருந்து ஒளி வரும்படி பாருங்கள். சாதாரண கிரிப்ட்டுகள் இடியப்ப உரலின் துளைகள் போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தெரியும். அதற்குள்ளே ஓர் இடத்தில் இரண்டு மூன்று கிரிப்ட் மட்டும் பெரிதாகி, ஓரம் தடித்து, சாயம் கூடுதலாக ஏறி, வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல நீண்டு, மட்டத்திலிருந்து சற்று எழும்பி நின்றால் அதுதான்.

சாயம் சரி, கண்ணும் சரி, ஆனாலும் ஒன்றுமில்லையா? மருந்துக்குப் போங்கள். டி.எம்.எச். டைஹைட்ரோகுளோரைட் தண்ணீரில் கரைந்தால் கரைசல் அமிலமாக இருக்கும். 1 மில்லிமோலர் ஈ.டி.டி.ஏ.யில் கரைத்து, சோடியம் பைகாபனேட்டால் பி.எச். 6.5 க்குக் கொண்டுவந்து, அப்போதே ஊசி போட வேண்டும். காலையில் கலக்கிவிட்டு, விரிவுரை முடித்து வந்து பின்னேரம் போடுகிற பழக்கம் வேண்டாம். ஏ.ஓ.எம். என்றால் சிறு குப்பிகளாகப் பிரித்து உறைநிலையில் வைத்திருப்பீர்கள். அந்த உறைபெட்டி எத்தனை தடவை கரைந்து உறைந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லைதான். இருந்தாலும் ஜெனரேற்றர் எந்தப் பிளக்கோடு இணைந்திருக்கிறது, வார இறுதியில் அதைப் போட யார் இருக்கிறார் என்று கேட்டு வையுங்கள். உறைபெட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவிட்டு, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்தால் போதும். நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கிக் கிடந்தால் பெட்டி ஒருமுறை கரைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு வர்க்கம். ஏ.ஓ.எம்.முக்கு ஏ/ஜே, எஸ்.டபிள்யூ.ஆர். சுண்டெலிகள் எளிதில் வசப்படும், ஏ.கே.ஆர். எதிர்த்து நிற்கும். டி.எஸ்.எஸ். சேர்க்கும்போது பால்ப்/சி கூடுதலாகக் கட்டி காட்டும், சி57 நடுத்தரம். எங்களுக்குக் கிடைக்கும் ஐ.சி.ஆர். தூய வர்க்கம் அல்ல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. அதற்காக அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். 2003 இல் தனாக்காவும் சகாக்களும் ஏ.ஓ.எம். ஒரு ஊசி, ஒரு கிழமை கழித்து 2 வீத டி.எஸ்.எஸ். ஒரு கிழமை என்ற முறையை முதலில் காட்டியதே ஐ.சி.ஆர். சுண்டெலியில்தான். 20 ஆவது வாரத்தில் அவற்றில் கட்டிகள் வந்திருந்தன. சி57 க்கு எழுதிய அளவை ஐ.சி.ஆர்.இல் அப்படியே போடுவதுதான் பிழை.

எலிகள் செத்துப் போகின்றன

எத்தனையாம் நாள் சாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஏ.ஓ.எம். ஊசி போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் ஈரல். சுண்டெலிக்குப் புற்றுத் தொடக்கும் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அதே மருந்தைக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தால் அது வேறொரு மாதிரி: திடீர் ஈரல் செயலிழப்பைப் படிப்பதற்கு ஆட்கள் வேண்டுமென்றே செய்வது. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு தசமப் புள்ளி. கலக்கிய கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், உங்கள் கணக்கைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டாம். சரிபார்க்கிறவர் அதே பாதையில்தான் போவார். இன்னொன்று, ஊசிக்கு முன் எலியைப் பட்டினி போட்டீர்களா? பட்டினி சி.வை.பி.2.ஈ.1 ஐக் கூட்டும். அதே அளவு மருந்து அன்றைக்குக் கூடுதலாக வேலை செய்யும்.

டி.எஸ்.எஸ். தொடங்கி ஐந்தாறு நாளில் இரத்தம் கலந்த மலம், எடை இறக்கம் என்றால் அது குடல் அழற்சி, எதிர்பார்த்ததுதான். அளவு மீறும்போதுதான் சாவு. இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு: டி.எஸ்.எஸ்.ஸை நிறுத்திச் சாதாரணத் தண்ணீர் வைத்த நாளோடு எடை ஏறத் தொடங்குவதில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே போகும். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, தண்ணீரை மாற்றியாயிற்று, இனித் திங்கள் பார்க்கலாம் என்று போனால் மிக மோசமான இரண்டு நாளையும் எலி தனியே கழிக்கும். டி.எஸ்.எஸ்.ஸை, இறக்கத்தின் அடிமட்டம் வேலை நாளில் விழும்படி தொடங்குங்கள். தொடக்க எடையில் 20 வீதம் இறங்கினால் அந்த எலியைப் பரிசோதனையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்பதை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது கடதாசிக்கு மட்டும் அல்ல.

அப்புறம் வெக்கை. எலியறைக்குப் பரிந்துரைக்கப்படுவது 20 முதல் 26 பாகை செல்சியஸ். சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கே ஏசி நின்றால் அறை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வெக்கையில் எலி குறைவாகத் தின்னும், கூடுதலாகக் குடிக்கும். டி.எஸ்.எஸ். தண்ணீரில் இருக்கிறது. குடிப்பது கூடினால் மருந்தின் அளவும் கூடுகிறது, போத்தலில் 2 வீதம் என்று எழுதியிருந்தாலும்.

இந்த இடத்தில் எலியை விட்டு உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி.எம்.எச். தோலால் ஏறும். எலி அதன் ஒரு பங்கை அசோமீத்தேனாக மூச்சில் வெளிவிடும். ஊசி போட்ட பிறகு கூட்டின் உமியையும் மரத்தூளையும் மாற்றுகிறவர் பெரும்பாலும் நீங்கள் இல்லை, அனிமல் ஹவுஸில் வேலை செய்யும் அண்ணைதான். அவருக்கு இது என்ன மருந்து என்று சொல்லியிருக்கிறீர்களா? கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? முதல் சில நாள் கழிவைத் தனிப்பையில் கட்டி எரிசூளைக்கு அனுப்ப வேண்டும், குப்பையோடு அல்ல.

ஒரு கூட்டில் இரத்தப்போக்கு, பக்கத்துக் கூட்டில் ஒன்றுமில்லை

டி.எஸ்.எஸ். முறைக்கே உரிய தலையிடி. போத்தலின் முனையைப் பாருங்கள், சொட்டுகிறதா, அடைத்திருக்கிறதா என்று. தினமும் போத்தலை நிறுத்துப் பார்த்தால் எந்தக் கூடு எவ்வளவு குடித்தது என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் மற்றக் காரணங்களைத் தேடுவதில் பிரயோசனம் இல்லை.

போத்தல் சரியென்றால் மருந்தின் மூலக்கூற்று எடை. 36,000 முதல் 50,000 வரையுள்ள டி.எஸ்.எஸ்.தான் பெருங்குடலில் வேலை செய்கிறது. விலை மலிவாக இருக்கிறது என்று வாங்கிய டப்பாவில் 5,000 என்றோ 5,00,000 என்றோ எழுதியிருந்தால் பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. சரியான எடை உள்ளதிலும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் வீரியம் மாறும். முழுப் பரிசோதனைக்கும் போதுமானதை ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். முடியாவிட்டால் புதிய டப்பாவை முதலில் நாலைந்து சுண்டெலியில் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சங்கதி உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்குகிறது. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவும் எருவும் மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட் ஆகி, அதிலிருந்து உருவாகும் நைட்ரோசோ சேர்மங்களும் டி.என்.ஏ.யில் மெதைல் ஒட்டும் வகையைச் சேர்ந்தவை. டென்மார்க்கில் 2018 இல் வெளியான பெரிய ஆய்வொன்று குடிநீர் நைட்ரேட்டையும் பெருங்குடற் புற்றையும் இணைத்துப் பேசியது. இது தனியாக ஆராயப்பட வேண்டிய நல்ல கேள்வி. ஆனால் உங்கள் கேள்வி அதுவல்லவென்றால், எலிக்குக் கிணற்றுத் தண்ணீர் வைக்க வேண்டாம். மழைக்கு முன் ஒரு அளவு, மழைக்குப் பின் இன்னொரு அளவு என்று உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவே நகர்ந்துகொண்டிருக்கும். எல்லாக் கூட்டுக்கும் ஒரே வடித்த நீர், டி.எஸ்.எஸ். இல்லாத நாட்களிலும் அதேதான்.

மிச்சம் நுண்ணுயிர்கள். எலி தன் மலத்தைத் தின்னும் பிராணி, ஒரு கூட்டில் உள்ளவை ஒரே நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பகிரும். கொழும்பிலிருந்து வெவ்வேறு நாளில் வந்த எலிகளை வந்தபடியே கூடு கூடாக வைத்தால், கூட்டுக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரிக்க முடியாது. 400 கிலோமீற்றர் வண்டியில் வந்த களைப்புத் தீர ஒரு கிழமை விடுங்கள். அந்தக் கிழமையில் கூடுகளுக்கிடையே பழைய உமியைக் கலந்து போடுங்கள்.

ஒரே குடலை இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு

கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஏ.சி.எஃப். நிறைய வருகிறது என்றால் பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளை எண்ணியிருப்பீர்கள். அவை வட்டமாகத் தடித்த மேடுகள். மேலே உள்ள கிரிப்ட்டுகள் பெரிதாகி இருக்காது, விலகிப் போயிருக்கும். சந்தேகமான இடத்தை வெட்டிச் சாதாரணத் திசுச் சீவலாகப் பாருங்கள். ஐந்தாறு பார்த்தால் கண் பழகிவிடும்.

எண்ணுகிறவருக்குக் குழு தெரியக்கூடாது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். செய்கிறவர்கள் குறைவு. சிறிய ஆய்வுகூடத்தில் எலிக்கு ஊசி போட்டவரும் எண்ணுகிறவரும் ஒருவரே. வில்லையின் எண்ணை வேறொருவரைக் கொண்டு மாற்றி ஒட்டுவிப்பது ஒரு பின்னேர வேலைதான்.

எண்ணும்போது மொத்தத்தை மட்டும் எழுத வேண்டாம். ஒரு கூட்டத்தில் எத்தனை கிரிப்ட் என்பதையும், குடலின் எந்தப் பகுதி என்பதையும் எழுதுங்கள். ஒன்றிரண்டு கிரிப்ட் கொண்டவை நிறைய வந்து போகும், அவற்றில் பெரும்பாலானவை எதுவாகவும் ஆகாது. நாலும் அதற்கு மேலும் உள்ளவைதான் பின்னால் வரும் கட்டியோடு கூடுதலாகப் பொருந்துகின்றன. அதிலும் திருப்தி இல்லையென்றால் இன்னும் இரண்டு குறிகள் உண்டு: பீட்டா-கட்டனின் என்ற புரதம் தேங்கிய கிரிப்ட்டுகள், சளி வற்றிய கிரிப்ட் கூட்டங்கள். பின்னதற்கு ஹை அயன் டைஅமீன், அல்சியன் நீலம் என்று சாயமேற்ற வேண்டும். கொஞ்சம் வினைக்கேடு, ஆனால் கட்டியை முன்சொல்வதில் ஏ.சி.எஃப்.ஐ விட நம்பத்தக்கது என்பது என் எண்ணம்.

கொடுத்த உணவு அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்கிறது

இதையும் பிழைப் பட்டியலில் சேர்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் இந்த மாதிரியைக் கையில் எடுக்கிறவர்களில் அநேகருக்கு மனதில் இருப்பது ஏதாவது எங்கள் சாப்பாடு: ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), குரக்கன், முருங்கையிலை, உள்ளி. நல்ல கேள்விகள். ஆனால் ஏ.சி.எஃப். பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஆனந்தப்படுவதற்கு முன் ஒரு கேள்வி: உணவை எப்போது தொடங்கினீர்கள்?

டி.எம்.எச். ஊசிக்கு ஒரு கிழமை முன்பே தொடங்கி, ஊசிக் காலம் முழுவதும் கொடுத்திருந்தால், உங்கள் உணவு குடலைக் காத்ததா, ஈரலில் மருந்து விழிக்காமல் தடுத்ததா என்று சொல்லவே முடியாது. உள்ளியில் உள்ள டைஅலைல் சல்பைட் சி.வை.பி.2.ஈ.1 ஐ அடக்கும். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் அதையே செய்யும், அதுவும் டி.எம்.எச். எலியில் குடற்கட்டியைத் தடுக்கும். அதற்காக டைசல்ஃபிராமை யாரும் குடற்புற்றுக்கு உணவாகச் சொல்லப் போவதில்லை. மனிதனுக்குக் குடற்புற்று டி.எம்.எச். ஊசியால் வருவதும் இல்லை. ஊசியைத் தடுக்கும் திறமை எங்களுக்கு எதற்கு?

ஒடியலில் இது இன்னும் சிக்கல். புழுக்காத ஒடியல் மா எலியின் ஈரலைப் பாதிக்கிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே இலங்கை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒடியற் கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது கேட்கச் சங்கடமாக இருக்கும். எலிக்கு அதையே பிரதான உணவாகக் கொடுப்பதும் நாங்கள் எப்போதாவது கூழாகக் குடிப்பதும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆனால் பரிசோதனைக்கு இது நேரடியாகத் தாக்கும் சங்கதி. ஈரல் நலிந்த எலியில் டி.எம்.எச். முழுதாக விழிக்காது. ஏ.சி.எஃப். குறையும். நீங்கள் அதை நார்ச்சத்தின் மகிமை என்று எழுதுவீர்கள். ஆகவே கிழங்கை அவித்துக் காயவைத்து இடித்த புழுக்கொடியல் மாவையும் இன்னொரு குழுவாக வையுங்கள். இரண்டு குழுவிலும் ஈரல் நொதியங்களை இரத்தத்தில் பாருங்கள். ஈரலைச் சீவி நோயியலாளரிடம் கொடுங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பழைய கிளை உண்டு. குடற்புற்று இரசாயன மாதிரிகளின் வேரும் ஒரு மாவில்தான் இருக்கிறது. குவாம் தீவில் மக்கள் தின்ற சைக்கஸ் விதை மாவை 1960களின் தொடக்கத்தில் எலிக்குக் கொடுத்தபோது ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாவற்றிலும் கட்டி வந்தது. அதிலிருந்த சைக்கசின் என்ற பொருள் குடல் நுண்ணுயிர்களால் உடைந்து தருவது அதே மெதிலசொக்சிமெதனோல்தான். நாங்கள் இன்று குப்பியில் வாங்கும் ஏ.ஓ.எம். அந்த மாவின் ஒன்றுவிட்ட சகோதரம்.

தீர்வு எளிது. ஊசிகள் எல்லாம் முடிந்து, மருந்து உடலை விட்டு நீங்க ஒரு கிழமையாவது விட்டு, அதன் பிறகு உணவைத் தொடங்கும் குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதில் வரும் குறைவுதான் தொடக்கத்துக்குப் பிந்திய கட்டத்தைப் பற்றிப் பேசும். நோயாளிக்குப் பொருந்தக்கூடியதும் அந்தக் கட்டம்தான்.

அதோடு எடையையும் பாருங்கள். கசப்பான மா கலந்த தீனை எலி குறைத்துத் தின்னும். குறைத்துத் தின்கிற எலிக்குக் கட்டியும் குறையும், எந்த மாவென்றாலும். தினமும் தின்ற அளவை நிறுத்து எழுதி, அதே அளவைச் சாதாரணத் தீனாகக் கொடுக்கும் ஒரு குழுவை வைத்தால் இந்தச் சந்தேகம் தீரும். அடிப்படைத் தீன் கடையில் வாங்கும் கோழித்தீன் போன்ற கலவையாக இருந்தால் ஒவ்வொரு மூடையும் ஒவ்வொன்று. ஆய்வுகூட எலிகளுக்கென்று வகுத்த ஏ.ஐ.என்-93 சூத்திரத்தின்படி நாமே கலப்பது இங்கே முடியாத காரியம் அல்ல.

'மின்' (Min) சுண்டெலியில் கட்டியெல்லாம் சிறுகுடலில்

அது பிழையல்ல, அந்த எலி அப்படித்தான். மின் என்பது குடலில் பல கட்டிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1990 இல் விவரிக்கப்பட்ட ஏ.பி.சி. மின் சுண்டெலிக்கு ஏ.பி.சி. ஜீனின் 850 ஆவது இடத்தில் நிறுத்தக் குறி விழுந்திருக்கிறது. சிறுகுடலில் டசின் கணக்கில் கட்டி, பெருங்குடலில் சில. நாலைந்து மாதத்தில் இரத்தச்சோகையில் சாகும். பெருங்குடலில் வேண்டுமென்றால் 2 வீத டி.எஸ்.எஸ். ஒரு கிழமை கொடுக்கலாம், அல்லது அதே ஜீனில் பழுதுள்ள, 2007 இல் வந்த பிர்க் எலிக்குப் போகலாம், அதற்குப் பெருங்குடலிலேயே வரும்.

தலைமுறை போகப் போகக் கட்டி குறைகிறதா? மற்ற வர்க்கத்தோடு கலந்திருக்கும். கட்டியின் எண்ணிக்கையை மாற்றும் மொம்1 என்ற ஜீன் இடத்தில் எதிர்ப்பு வடிவம் நுழைந்தால் எண்ணிக்கை நன்றாக இறங்கும். ஆண் மின்னையும் புதிதாக வாங்கிய சாதாரண சி57 பெண்ணையும் சேர்த்தே பெருக்குங்கள். சோகை பிடித்த பெண் மின் குட்டியை வளர்க்கச் சிரமப்படும்.

நோயியலாளர் "இது புற்றில்லை" என்கிறார்

அவர் சொல்வது சரியாக இருக்கும். டி.எஸ்.எஸ். புண் ஆறும்போது வளரும் கிரிப்ட்டுகள் பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும், கருக்கள் பெரிதாகி, பிரிவு கூடி. அது ஆறும் திசு. கடைசி டி.எஸ்.எஸ். முடிந்து இரண்டு மூன்று வாரமாவது கழித்து எடுத்த குடலைக் கொடுங்கள். இன்னொரு மயக்கம், அழற்சியில் கிரிப்ட்டுகள் தசைப்படைக்குள் பிதுங்கி இறங்குவது. ஊடுருவிய புற்றுப் போலத் தெரியும், ஆனால் சுற்றிலும் அடித்தளமென்சவ்வு குலையாமல் இருக்கும். மலவாய் வெளித்தள்ளிய சுண்டெலிகளில் இது சகஜம். 2003 இல் நோயியலாளர்கள் கூடிச் சுண்டெலிக் குடற்கட்டிகளுக்கென்று வகுத்த பொதுப் பெயரிடலில் இதற்கெல்லாம் இடம் உண்டு. அந்தப் பெயர்களையே பாவியுங்கள்.

தொடக்கக் கட்டத்தைப் படிக்கப் புறப்பட்டவருக்கு ஊடுருவல் இல்லை என்பது கவலைக்குரிய செய்தியே அல்ல. இந்த மாதிரிகள் பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் பரவுவதும் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு: அழற்சி வழியாக வந்த கட்டியை வைத்து, அழற்சியே இல்லாமல் பொலிப் வரும் சாதாரண நோயாளியைப் பற்றி எழுதுவது. டி.எஸ்.எஸ். சேர்த்தால் முடிவு வேகமாக வரும், பட்டமும் நேரத்துக்குக் கிடைக்கும். ஆனால் கேள்வி சாதாரணப் பொலிப் பற்றியதென்றால் டி.எஸ்.எஸ். இல்லாத மெதுவான வழிதான் பொருத்தம்.

டி.எஸ்.எஸ். எலியின் திசுவில் பி.சி.ஆர். வரவே இல்லை

ஆர்.என்.ஏ. தரம் நன்றாக இருக்கிறது, வளைகோடு மட்டும் எழும்பவில்லை. டி.எஸ்.எஸ். திசுவில் தங்கி, பி.சி.ஆர். நொதியங்களைத் தடுக்கிறது. லிதியம் குளோரைட்டால் ஆர்.என்.ஏ.யைப் படியவைத்துக் கழுவினால் போய்விடும். டி.எஸ்.எஸ். இல்லாத குழுவையும் சேர்த்தே கழுவுங்கள், ஒன்றை மட்டும் கழுவினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

எல்லாம் சரி, ஆனால் குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லை

உண்மையிலேயே வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், அதையும் எழுதி வெளியிடலாம். அதற்கு முன் கூட்டைப் பாருங்கள். மருந்துக் குழு இரண்டு கூடு, கட்டுப்பாட்டுக் குழு இரண்டு கூடு, கூட்டுக்கு ஐந்து என்றால் உங்களிடம் இருபது எலி இருப்பதாகத் தோன்றும். ஒரு கூட்டின் எலிகள் ஒரே நுண்ணுயிரையும் ஒரே போத்தலையும் பகிர்வதால் கணக்குக்கு நாலு கூடுதான். ஐ.சி.ஆர். போன்ற கலப்பு வர்க்கத்தில் ஒவ்வொரு எலியும் வேறாக இருப்பதால் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும். ஆணையும் பெண்ணையும் கலந்திருந்தால் தனித்தனியே பிரித்துப் பாருங்கள், ஏ.ஓ.எம்., டி.எஸ்.எஸ். முறையில் ஆணுக்குக் கட்டி கூடுதலாக வருவதுண்டு.

சிறு கூடுகளாக, கூட்டுக்கு இரண்டு என்று பிரித்தால் கூடுகளின் எண்ணிக்கை ஏறும். முடிந்தால் ஒரே கூட்டுக்குள்ளேயே இரு குழு எலிகளையும் வைத்து, வாய்வழிக் குழாயால் மருந்து கொடுங்கள். உணவிலோ தண்ணீரிலோ கலக்கும் மருந்துக்கு அது சரிவராது. இவை எதுவும் முடியாவிட்டால், தரவுத் தாளில் எலி இலக்கத்துக்குப் பக்கத்தில் கூட்டு இலக்கத்துக்கும் ஒரு நிரலைப் போட்டு, புள்ளிவிவரம் பார்ப்பவரிடம் போகும்போது அதைக் காட்டுங்கள்.